மனித மேம்பாடும் நிறுவனங்களும்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் முதுகலைப் படிப்பை நீங்களே வடிவமைக்க ஒரு வழிகாட்டி

சுய உதவிக் குழுவில் கணக்கெழுதும் பெண், ஓசூர் ஆலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் இளைஞர், தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக ஊர் ஊராகச் சுற்றுபவர் என்று நம் பக்கத்தில் ஒரு டிகிரியோடு நிற்பவர்கள் நிறையப் பேர். மேலே படிக்க ஆசை இருக்கும். எந்தத் துறை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அவர்களிடம் இருப்பது துறையின் பெயர் அல்ல, கேள்விகள். ஒரு குழு இருபது வருடமாக நிற்கிறது, பக்கத்துத் தெருக் குழு ஏன் இரண்டே வருடத்தில் கலைந்தது? நன்றாக வேலை செய்த பெண் ஏன் ஆறாவது மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்? கூச்சப்பட்டு ஓரமாக நின்ற ஒருவர் எப்படி ஐந்து வருடத்தில் கூட்டமைப்புத் தலைவி ஆனார்?

மனிதர்கள் வாழ்நாள் முழுக்க எப்படி வளர்கிறார்கள், அவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் அந்த வளர்ச்சிக்கு உதவுகின்றனவா தடுக்கின்றனவா என்று ஆராய்வதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி அறிவிப்புகளில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதனால் இருப்பதை வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். முடியும், விதிகளும் ஓரளவு இடம் கொடுக்கின்றன. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலாட்டின் பள்ளி போன்ற இடங்களில், மாணவரே தன் படிப்பை வடிவமைக்கும் முதுகலைப் பட்டம் உண்டு. என்ன கேள்வி, எந்தெந்தத் துறையிலிருந்து எந்தப் பாடம், கடைசியில் என்ன ஆய்வேடு என்று மாணவர் திட்டம் எழுதுவார், ஆலோசகர் அதைப் பார்த்துத் திருத்துவார். கலிபோர்னியாவில் 1974-ல் தொடங்கிய ஃபீல்டிங் பல்கலைக்கழகம், வேலையில் இருக்கும் நடுவயதுக்காரர்களுக்காக மனித மேம்பாடு, நிறுவன மேம்பாடு ஆகியவற்றில் முனைவர் பட்டம் தருகிறது. இவற்றில் சேரச் சொல்லவில்லை, செலவு அப்படி. ஆனால் கேள்வி, பாடங்கள், களம், ஆய்வேடு ஆகிய நான்கையும் ஒரே கயிற்றில் கட்டும் அந்த முறையை இங்கேயும் கையாளலாம்.

இந்தியாவில் இதே விஷயம் ஐந்து வீடுகளில் பிரிந்து கிடக்கிறது. குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி ஹோம் சயின்ஸ் துறைகளில் இருக்கிறது. கோவை அவினாசிலிங்கத்தில் மனித மேம்பாட்டுக்கென்று தனித் துறை உண்டு, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்திலும் உண்டு. மனம், ஆளுமை, குழு நடத்தை உளவியலில் வரும். தொழிலாளர் நலம், சமுதாய அமைப்பு, களப்பணி எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலையில் வரும். நிறுவன நடத்தை, மனிதவளம் எம்.பி.ஏ.வுக்குப் போய்விட்டது. வறுமை, கல்வி, உடல்நலம் என்று ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அளக்கும் பக்கம், அதாவது 1990-ல் மஹ்பூப் உல் ஹக் தொடங்கிவைத்த ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கையின் பக்கம், பொருளியலிலும் வளர்ச்சிக் கல்வியிலும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தனி மனிதரின் வளர்ச்சியைப் படிப்பது ஒரு பாதை. மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சன், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் அந்தப் பாதையில் வருவார்கள். மக்கள் தொகுதியின் முன்னேற்றத்தைப் படிப்பது இன்னொரு பாதை. மக்களால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்கும் அமர்த்தியா சென்னின் இயலுமை அணுகுமுறை, மாவட்ட மனித மேம்பாட்டு அறிக்கைகள் அதில் வரும். உங்கள் கேள்விக்கு எது முதன்மை என்று தெரியாமல் சேர்ந்தால், முதல் செமஸ்டரிலேயே 'நான் படிக்க வந்தது இது இல்லையே' என்று தோன்றும். இரண்டையும் தொடலாம், ஒன்றில்தான் காலூன்ற வேண்டும்.

கேள்வியை எழுதுங்கள், கல்லூரியை அப்புறம் தேடலாம்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இந்த இடத்தில்தான். எங்கே சீட் கிடைக்கும், ஃபீஸ் எவ்வளவு, பஸ் இருக்கிறதா என்று தொடங்குகிறார்கள். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் கேள்வி இல்லாமல் பட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், பிறகு பாடம், களம், ஆய்வேடு ஒவ்வொன்றையும் யாரோ உங்களுக்காக முடிவு செய்வார்கள்.

கேள்விக்கு வெளியூர் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தொடங்கியதே நம் மண்ணில்தான். 1989-ல் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரி மாவட்டத்தில் முதலில் வந்தது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. பிறகு 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் திட்டத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எழுதிக் குவிக்கும் ஒரு அமைப்பு முறை தமிழ்நாட்டில் முதலில் நம் பாட்டிமாரின் திண்ணையில் முளைத்தது என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியாமலே எம்.ஏ. முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு.

அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இன்னொன்று. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு இயற்கை விவசாயிகள் சங்கமும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அமைப்பும் அங்கே உருவாகின. நோயைப் பார்க்க வந்த இடத்தில் மனிதர்கள் வளர்ந்தது எப்படி, ஒரு அமைப்பிலிருந்து இன்னொரு அமைப்பு கிளைத்தது எப்படி என்று கேட்டாலே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்று பழைய ஆலைகள், சமீபத்தில் வந்த மின்னணு ஆலைகள், போச்சம்பள்ளியில் ஓலா. மாம்பழ சீசனில் மட்டும் ஆள் எடுக்கும் கூழ் ஆலைகள் தனிக் கதை. ஒரு அமைப்பு வருடத்தில் சில மாதம் மட்டும் உயிரோடு இருந்தால் அதற்குள் உறவுகளும் திறமையும் எப்படி உருவாகும்? இப்படி ஒரு கேள்வியை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. நம் மாவட்டத்துக்காரர் கேட்கலாம்.

கேள்வி எழுதும்போது மூன்று சோதனை. கேள்வியில் மனிதரும் இருக்க வேண்டும், அமைப்பும் இருக்க வேண்டும். 'பெண்கள் முன்னேற்றம்' என்பதில் அமைப்பு இல்லை. 'ஆலையின் உற்பத்தித் திறன்' என்பதில் மனிதர் இல்லை. இரண்டாவது, அந்த இடத்துக்கு உங்களால் பஸ் பிடித்துப் போய் ஆட்களிடம் பேச முடிய வேண்டும். மூன்றாவது, பதில் இன்னும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். 'குடியால்தான் எல்லாம் கெடுகிறது என்று நிரூபிக்கப் போகிறேன்' என்பவருக்கு முதுகலை தேவையில்லை, மேடைதான் தேவை.

முதன்மைப் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி கையில் வந்ததும், அங்கீகாரம் உள்ள ஒரே ஒரு முதன்மைப் பட்டத்தை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

நம் பகுதிக் கல்லூரிகள் 1997-ல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல்கலைக்கழக வளாகத்தில் உளவியல், சமூகவியல் துறைகள் உண்டு. தருமபுரிக்குப் பக்கத்தில் பைசுஅள்ளியில் அதன் முதுகலை விரிவாக்க மையம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் எந்தெந்த முதுகலைப் படிப்புகள் இந்த ஆண்டு நடக்கின்றன என்பதை நேரில் போய்க் கேளுங்கள், பழைய அறிவிப்பை நம்ப வேண்டாம். ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அத்திப்பள்ளி தாண்டிச் சர்ஜாபுரம் பக்கம் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. வளர்ச்சியிலும் கல்வியிலும் இரண்டாண்டு எம்.ஏ. நடத்துகிறார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். நம் பிள்ளைகள் 'அது பெரிய இடம்' என்று எட்டியே பார்ப்பதில்லை. விண்ணப்பமாவது போடுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் பார்க்க வேண்டிய இடம்.

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ., ஊரக வளர்ச்சி, மனிதவள எம்.பி.ஏ. போன்றவை உண்டு, ஆனால் அங்கே பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் படிக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். தொலைநிலையில் சேர இப்போது டெப் ஐடி என்ற எண்ணும் எடுக்க வேண்டும். ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டப் படிப்பாக நடத்துவதை 2025 ஜூலை–ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து யுஜிசி நிறுத்திவிட்டது. 2021-ல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் உளவியலும் வருவதுதான் காரணம். 'வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி. சைக்காலஜி' என்று இன்னும் யாராவது விளம்பரம் செய்தால் நம்பிச் சேராதீர்கள். ஆட்களுக்கு மனநல ஆலோசனை தரும் வேலைக்குப் போக ஆசை என்றால் நேரடி வகுப்புதான் வழி. வேலையிடங்களையும் குழுக்களையும் அமைப்புகளையும் படிக்கத்தான் ஆசை என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோ வளர்ச்சிக் கல்வியோ போதும், உளவியலைத் துணைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழில் அச்சாகும் பெயரும் முக்கியம். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்கும். கணக்கு படித்தவர் சமூகப்பணிக்கு மாறினால் அந்தக் கதவு மூடும். கல்லூரி ஆசிரியர் ஆக நினைப்பவர்கள் நெட் தேர்வில் தங்கள் பாடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமூகப்பணி இருக்கிறது, தொழிலாளர் நலமும் மனிதவளமும் சேர்ந்த தாள் இருக்கிறது, மனித மேம்பாடு ஹோம் சயின்ஸ் தாளுக்குள் வருகிறது. ஆலையில் நல அலுவலர் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்துக்கு மதிப்பு அதிகம். 500 பேர் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே வைத்தது. வேலைக்கு எந்தப் பெயர் தேவையோ அந்தப் பெயரில் பட்டம், ஆர்வத்துக்கு எந்தப் பாடம் தேவையோ அது உள்ளே. இப்படிப் பிரித்து வைத்தால் பின்னால் தலைவலி இல்லை.

சுற்றுப் பாடங்களைச் சேருங்கள்

முதன்மைப் பட்டத்தில் உங்கள் கேள்விக்குத் தேவையான எல்லாம் இருக்காது. எம்.எஸ்.டபிள்யூ.வில் நிறுவனக் கோட்பாடு மெலிந்திருக்கும். எம்.பி.ஏ.வில் குழந்தைப் பருவமும் குடும்பமும் வரவே வராது. அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வடிவமைப்பு.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் முதுகலையில் வேற்றுத் துறைத் தாள் ஒன்று எடுக்கச் சொல்வார்கள். பலரும் 'எது ஈசி' என்று கேட்டு எடுக்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம். 2021-ல் வந்த யுஜிசி விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களாக எடுக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கும் என்று பாடம் தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை ஆள் மாறினால் போய்விடும்.

ஸ்வயத்தில் ஐஐடிக்கள் நடத்தும் பிரிவான என்பிடெல்லில் நிறுவன நடத்தை, உளவியல், மனிதவளம் பற்றிய பாடங்கள் அடிக்கடி வரும். படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுத மட்டும் கட்டணம். 100 மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்டுக்கு, 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அசைன்மென்டில் 10-ம் தேர்வில் 30-ம் வாங்கினால்தான் சான்றிதழ். ஆகவே வாராந்திர அசைன்மென்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கிடைக்கும் மதிப்பு அலகான கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்க அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கிறது. டிஜிலாக்கர் மூலம் கணக்குத் தொடங்கலாம். கிரெடிட் 7 ஆண்டு வரை செல்லும், பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியாவது எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. கல்யாணமோ குழந்தையோ வேலை மாற்றமோ வந்து நடுவில் நிற்க நேர்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 2022 ஏப்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கவும் யுஜிசி வழிவிட்டிருக்கிறது. ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையில் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு பட்டத்தையும் அரைகுறையாகப் படிப்பதைவிட ஒன்றை ஆழமாகப் படித்து அதனோடு இரண்டு மூன்று நல்ல பாடங்களைச் சேர்ப்பது மேல்.

படிக்க என்ன கிடைக்கும்? இக்னோவின் பாடநூல்கள் முழுக்க இ-ஞானகோஷில் இலவசமாக இருக்கின்றன. முதுகலைப் பாடங்களுக்கு இ-பிஜி பாடசாலா. பிறர் எழுதிய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. சேர்வதற்கு முன்பே ஷோத்கங்காவில் தருமபுரி என்று போட்டுத் தேடுங்கள், நம் ஊரைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். மாவட்டப் புள்ளிவிவரத்துக்கு 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளும், மாநிலத் திட்டக் குழுவின் மாவட்ட மனித மேம்பாட்டு அறிக்கைகளும்.

களம்

களத்தைச் சடங்காக முடித்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். எம்.எஸ்.டபிள்யூ.வில் பெரும்பாலும் வாரம் இரண்டு நாள் களப்பணி இருக்கும். அந்த நாட்களை உங்கள் கேள்வி இருக்கும் இடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஒரு குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். கேள்வித்தாளை உடனே எடுக்காதீர்கள். யார் பாயில், யார் படியில், யார் வாசலில் நின்றபடியே காசு கொடுத்துவிட்டுப் போகிறார் என்று பாருங்கள். தீர்மானப் புத்தகத்தை அனுமதி கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லாத் தீர்மானமும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதா? குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியும் தொடங்கிய நாளிலிருந்து அதே இரண்டு பேரா, மாறியிருக்கிறார்களா? சில வருடங்களுக்கு முன் கைரேகை வைத்தவர் பெயர் பின்னால் எந்தப் பக்கத்தில் கையெழுத்தாக மாறுகிறது? உள்கடன் யாருக்கு முதலில் போகிறது, யார் மூன்று கூட்டம் காத்திருக்கிறார்? ஒரு மனிதரின் வளர்ச்சியும் ஒரு அமைப்பின் பழக்கமும் அந்த ஒரு நோட்டிலேயே சேர்ந்து கிடக்கும். நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொன்னார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, சொல்லாமலே எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது. 'எல்லோரும் சமம்' என்பது வாயால் சொல்வது. பாயும் படியும் வாசலும் மூன்றாவது அடுக்கைக் காட்டும்.

நோட்டும் பேனாவுமாக ஊருக்குள் போனால் 'எந்த ஸ்கீம் சார்?', 'லோன் வருதாம்மா?' என்றுதான் முதல் கேள்வி வரும். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸை மடித்து எடுத்துக்கொண்டே வருவார்கள். அதை வாங்காதீர்கள். நான் படிக்கிறேன், என் மூலம் எந்தப் பணமும் திட்டமும் வராது, பேசப் பிடிக்கவில்லையென்றால் பேச வேண்டாம் என்று முதலிலேயே தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆய்வேட்டில் பெயர், தெரு, அடையாளம் தெரியும் விவரம் எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் 'இரண்டாவது தெரு விதவை ஊக்குநர்' என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். நம்மை நம்பிப் பேசியவருக்கு நம் படிப்பால் ஒரு சின்னத் தொந்தரவுகூட வரக்கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுய உதவிக் குழுக்களைப் பார்க்க, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பிரிவுக்குக் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். ஆலைக்குள் அனுமதி கடினம். மனிதவளப் பிரிவு மறுத்தால் கேள்வி செத்துவிடாது. ஷிப்ட் பஸ் ஏறும் இடம், ஹாஸ்டல் பக்கத்து டீக்கடை, வார விடுமுறைக்கு ஊர் திரும்பும் வீடு என்று ஆலைக்கு வெளியே நிறைய இருக்கிறது. ஆனால் ஆலையில் நீங்களே வேலை பார்க்கிறவர் என்றால், உங்களுக்குக் கீழே உள்ளவர்களைப் பேட்டி எடுக்காதீர்கள். அவர்களால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. வேறு ஆலை, வேறு லைன் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு எடுத்துக்காட்டு. பென்னாகரம் பக்கத்தில் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஓசூர் ஆலையில் இருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் தாள் இப்படி இருக்கலாம்.

கேள்வி: முதல் வேலையாக ஆலைக்கு வரும் கிராமத்து இளம்பெண்களில் சிலர் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள், சிலர் நின்று மேலே வருகிறார்கள். ஆலையின், ஹாஸ்டலின் எந்தப் பழக்கங்கள் இதில் பங்கு வகிக்கின்றன?

பட்டம்: எம்.எஸ்.டபிள்யூ., மனிதவளச் சிறப்புப் பாடம். பின்னால் நல அலுவலர் வேலைக்கும் உதவும்.

கோட்பாடு: ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் முன்வைத்த, 18 முதல் 25 வயது வரையிலான, முழு முதிர்ச்சியை எட்டிவரும் பருவம் பற்றிய கருத்து. அது அமெரிக்க இளைஞர்களை வைத்துச் சொன்னது, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் 19 வயதுப் பெண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்பதே நல்ல அத்தியாயம் ஆகும். குடும்பம், ஹாஸ்டல், ஆலை, அரசு விதி என்று வட்டம் வட்டமாகப் பார்க்க பிரான்ஃபென்பிரென்னரின் 1979 சூழலியல் கோட்பாடு. அமைப்புப் பக்கத்துக்கு டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் 1951-ல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கம் பற்றி எழுதிய கட்டுரை. புது இயந்திர முறை வந்தபோது ஒன்றாக வேலை செய்த சிறு குழுக்கள் உடைந்தன, ஆட்கள் வேலைக்கு வராமல் இருப்பது கூடியது. இயந்திரத்தையும் மனித உறவையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. அசெம்பிளி லைனில் நின்றவருக்கு அந்தக் கட்டுரை சட்டென்று விளங்கும். இதே வழியில் ஏ.கே. ரைஸ் 1950களில் அகமதாபாத் நெசவாலையில் வேலை செய்தார் என்பதால் இந்தியக் கண்ணியும் இருக்கிறது.

சுற்றுப் பாடம்: வளர்ச்சி உளவியலில் ஒன்று, நிறுவன நடத்தையில் ஒன்று, பண்புசார் ஆய்வு முறையில் ஒன்று. களம்: முதல் ஆண்டு கிராமத்தில், திரும்பி வந்தவர்களோடு. இரண்டாம் ஆண்டு ஓசூரில், நின்றவர்களோடு. ஆய்வேடு: பத்துப் பன்னிரண்டு பேரோடு நீண்ட உரையாடல், ஒருவரோடு ஒரு முறைக்கு மேல். நூறு பேருக்குப் படிவம் கொடுத்து சதவீதம் போடுவதைவிட இந்தக் கேள்விக்கு அதுதான் பொருந்தும்.

இவ்வளவும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதியதைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், முடிந்தால் அந்தக் களத்திலேயே இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். 'இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு' என்று அவர் சொன்னால் தாளைத் திருத்துங்கள்.

வழிகாட்டியைத் தேடுவது

கல்லூரியில் வழிகாட்டியைப் பெரும்பாலும் பட்டியல் போட்டுத்தான் ஒதுக்குவார்கள். அதற்கு முன்பே போய்ப் பாருங்கள். 'சார், ஒரு டாபிக் கொடுங்க' என்று நிற்காமல், உங்கள் தாளை நீட்டி 'மேடம், இந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன், இதில் எது செய்ய முடியும், எது முடியாது என்று சொல்லுங்கள்' என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் இப்படி ஒரு மாணவர் வருவது அபூர்வம், நேரம் ஒதுக்குவார்கள். ஒரே ஆசிரியருக்கு மனித மேம்பாடும் நிறுவனமும் இரண்டும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் பக்கத்துத் துறை ஆசிரியர் ஒருவரை அதிகாரப்பூர்வம் இல்லாத இரண்டாவது ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு.

காலமும் காசும்

மாநிலக் கல்லூரிகளின் முதுகலைச் சேர்க்கை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். இக்னோவும் ஸ்வயமும் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் அசீம் பிரேம்ஜிக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு சேர நினைப்பவர் இந்த ஆண்டு தீபாவளிக்குள் கேள்வியை எழுதிவிட்டால் நல்லது. ஜனவரிப் பருவத்தில் ஒரே ஒரு ஸ்வயம் பாடம் எடுத்துப் பாருங்கள். வேலையோடும் வீட்டோடும் வாரம் எத்தனை மணி நேரம் உண்மையில் உட்கார முடிகிறது என்று அதில் தெரிந்துவிடும். இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். உங்கள் வாரத்தை அதனால் வகுத்துப் பாருங்கள், ஒரு பருவத்தில் எத்தனை பாடம் தாங்கும் என்ற பதில் கிடைக்கும்.

செலவில் ஃபீஸை மட்டும் கணக்குப் போடாதீர்கள். களத்துக்குப் போய்வரும் பஸ் செலவு, பதிவுகளைத் தட்டச்சு செய்ய ஆகும் நேரம், ஆய்வேடு அச்சு, பைண்டிங் எல்லாம் சேரும். கிருஷ்ணகிரி ஊரில் ரயில் நிலையம் இல்லை, தருமபுரிக்கும் ஓசூருக்கும் இருக்கிறது. சேலத்திலோ பெங்களூரு பக்கமோ தினமும் போய்வருவதாக இருந்தால் இதை வைத்தே தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் போடலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சேர்க்கை நாளிலேயே கேளுங்கள், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் அலைமோதும்.

கடைசியாக ஒரு ஃபைல் போடுங்கள். கேள்வித் தாளின் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு, ஸ்வயம் பாடத்துக்குத் துறைத் தலைவர் கொடுத்த கடிதம், கள அனுமதிக் கடிதங்கள், கிரெடிட் விவரம், வழிகாட்டி சொன்ன குறிப்புகள். நேர்முகத் தேர்விலோ முனைவர் பட்டச் சேர்க்கையிலோ 'பி.காம். படித்துவிட்டு ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள், இந்தப் பாடங்களை ஏன் இப்படிச் சேர்த்தீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த ஃபைலைத் திறந்து முதல் தாளிலிருந்து காட்டுங்கள்.